தொப்பி இல்லாமல் கை தூக்கக் கூடாது

ராணுவ உடுப்புப் போட்டுக்கொள்வது எங்கள் பொழுதுபோக்கு. சிரிப்பு வருகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். எங்கள் ஊரில் எல்லாரும் சிரித்து முடித்துவிட்டார்கள்.

நான் நன்னிலத்தில் டிராக்டர், அறுவடை மிஷின் சாமான் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் குவைத்தில். பெல்ட்டும் பேரிங்கும் விற்கிற ஐம்பது வயதுப் பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்காதவர்கள் இல்லை. உனக்கு எதற்கு கிரிக்கெட், உனக்கு எதற்கு சீரியல் என்று நான் யாரையாவது கேட்டேனா? எனக்குப் பழைய உலகப்போர்க் காலத்து லாரி ஓட்டிய பெண்களின் காக்கி உடுப்புப் பிடிக்கும். போடுகிறேன். பையில் வைத்துக் கொண்டுபோய், நாங்கள் கூடுகிற இடத்தில் மாற்றிக்கொள்வதுதான் வழக்கம். ஒரு தடவை நேரமில்லாமல் போட்டுக்கொண்டே தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். கண்டக்டர் என்னிடம் மட்டும் டிக்கெட் கேட்காமல் போனார். கூப்பிட்டுக் காசைக் கையில் திணித்தேன். ஓசியில் போக நான் என்ன நிஜப் போலீஸா?

மாதத்தில் ஒரு ஞாயிறு தஞ்சாவூரில் கூடுவோம். ஏழெட்டுப் பேர் வருவார்கள். இப்போது நடைமுறையில் இருக்கிற உடுப்பை நாங்கள் தொடுவதில்லை, சட்டம் விடாது. எல்லாம் பழைய காலத்துத் துணி. மெடல் குத்திக்கொள்வதில்லை. யாரையும் ஏமாற்றுவதில்லை. ஆனால் போடுவதை ஒழுங்காகப் போட வேண்டும் என்பேன். இதில்தான் எனக்கும் மற்றவர்களுக்கும் சண்டை.

பெரே தொப்பி என்று ஒன்று இருக்கிறது, வட்டமாக, கம்பளித் துணியில். அதை வாங்கி அப்படியே தலையில் வைத்தால் தோசைக்கல்லைக் கவிழ்த்த மாதிரி இருக்கும். வெந்நீரில் நனைத்துத் தலையில் போட்டு, சின்னம் இடது கண்ணுக்கு மேலே வருகிற மாதிரி வைத்து, மீதித் துணியை வலது காதுப் பக்கம் இழுத்துவிட்டு, காய்கிற வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பொறுமை எவனுக்கும் கிடையாது. தோசைக்கல்லோடு வந்து நிற்பான்கள். நான் கத்துவேன்.

அடுத்தது சல்யூட். சினிமா பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள் எல்லாருக்கும் ஒரே சல்யூட்தான் தெரியும். தரைப்படைக்காரன் உள்ளங்கையை எதிரில் இருக்கிறவனுக்குக் காட்டுவான். கடற்படைக்காரன் உள்ளங்கையைக் கீழே கவிழ்ப்பான். கப்பலில் தாரும் கிரீஸும் பட்ட கையை அதிகாரியிடம் காட்டக் கூடாது என்று வந்த பழக்கம் என்கிறார்கள். விமானப்படைக்காரன் இன்றைக்கு இரண்டுக்கும் நடுவில் சாய்த்து வைக்கிறான். ஆனால் பழைய காலத்து விமானப்படை உடுப்பைப் போட்டுக்கொண்டு கையைச் சாய்த்தால் தப்பு, அந்தக் காலத்தில் அவர்களும் தரைப்படை மாதிரிதான் காட்டினார்கள். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி. நம் படைகளில் வெறுந்தலையோடு சல்யூட் கிடையாது. தொப்பி இல்லையென்றால் விறைப்பாக நில், கையைத் தூக்காதே.

எங்கள் கூட்டத்தில் நான் சொன்னதை ஒழுங்காகக் காதில் வாங்கிய ஆள் ஒருவன்தான். வேதாரண்யம் பக்கத்துக் கடற்கரைக் குப்பத்துக்காரன். ஃபைபர் படகு வைத்து மீன் பிடிக்கிறவன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவன், அக்கா அக்கா என்பான். அவனுக்குப் பழைய மாலுமி உடுப்பு. வெள்ளைச் சட்டை, முதுகில் சதுரமாக விழுகிற நீலக் காலர், தட்டையான வெள்ளை வட்டத் தொப்பி. பஸ் மாறி பஸ் மாறி வருவான். அத்தனை புழுதியிலும் அந்தத் தொப்பியில் ஒரு பொட்டு அழுக்கு இருக்காது. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு வருவான். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "கேக்கா தம்பி?" என்று கேட்டாராம்.

எங்களுக்குத் தலைவர் என்று தானே சொல்லிக்கொள்பவர் மயிலாடுதுறை வங்கி மேனேஜர். தரைப்படை அதிகாரி உடுப்பு போடுவார். நெற்றிக்கு மேலே விளிம்பு நீட்டிய தொப்பி. தலையைவிடத் தொப்பி பெரிசு, உள்ளே செய்தித்தாள் மடித்து வைத்திருப்பார். நல்ல மனுஷர்தான். ஆனால் எல்லாவற்றையும் போட்டோவுக்காகச் செய்கிறவர்.

போன குறுவை அறுப்புச் சமயத்தில், கடையை விட்டு நகர முடியாத ஒரு ஞாயிறு, பிடுங்கிக்கொண்டு தஞ்சாவூர் போயிருந்தேன். புது ஆற்றங்கரையில் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் படம் எடுத்தார்கள். சல்யூட் அடிக்கச் சொன்னார் மேனேஜர். அடித்தோம். கேமராவில் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"எல்லார் கையும் ஒரே மாதிரி இருக்கு, இவர் கை மட்டும் கீழ பாக்குது. ஒரு பல்லு கோணலா இருக்கிற மாதிரி இருக்கு."

"சார், அவன் நேவி. அப்படித்தான் வைக்கணும்" என்றேன்.

"தெரியும் மேடம். பாக்கறவங்களுக்குத் தெரியாதுல்ல? ஒரே ஒரு போட்டோ. தம்பி, நீங்களும் கையத் திருப்பிக் காட்டிடுங்க."

"திருப்பாதடா" என்று நான் கத்தினேன். கரையில் மாடு ஓட்டிக்கொண்டு போனவர் நின்று பார்த்தார். அவன் என்னையும் பார்த்தான், மேனேஜரையும் பார்த்தான். சண்டை என்றால் அவனுக்கு ஆகாது. "ஒரு போட்டோதானேக்கா" என்று உள்ளங்கையைத் திருப்பிவிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் படத்தில் நான் சல்யூட் அடிக்கிற மாதிரி இல்லை, யாரையோ அறையப் போகிற மாதிரி இருக்கிறேன். மேனேஜர் அன்றைக்கே அதை ஃபேஸ்புக்கில் போட்டார்.

கொஞ்ச நாள் கழித்து வேதாரண்யத்தான் கடைக்கே நேரில் வந்தான். மீன்கூட எடுத்து வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

அவன் மகள் நாகப்பட்டினத்தில் நர்ஸ். கூட வேலை பார்க்கிற லேப் பையனும் அவளும் விரும்பினார்கள். பையனும் கடற்கரைக் குடும்பம்தான். எல்லாம் பேசி முடியப்போகிற நேரம். பையனுடைய அப்பா கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரோ அவரிடம் அந்தப் படத்தைக் காட்டிவிட்டார்கள். சம்பந்தி ஆகப்போகிறவர் மாலுமித் தொப்பியை வைத்துக்கொண்டு தரைப்படைக்காரன் மாதிரி கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

"என்ன சொன்னாராம்?"

"வேஷம் போடுற வீட்டுல நான் பொண்ணு எடுக்கமாட்டேன்னுட்டாராங்க்கா. அந்தப் பையன் அழுது புரண்டதால, ஒரு தடவ நேர்ல வந்து பாத்துட்டு முடிவு சொல்றேன்னு இருக்காரு. வர்ற புதன்கிழமை. எம் பொண்ணு எங்கிட்ட பேசறதில்லக்கா. சோத்தத் தட்டுல போட்டுட்டு உள்ள போயிடுது."

"எல்லாம் நம்ம தலைவர் வேலை."

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க ரெண்டு பேரும் வாங்க. எனக்குப் பேச வராது."

புதன்கிழமை கடையைப் பூட்டினேன். மேனேஜர் லீவு போட்டுவிட்டுக் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். திருத்துறைப்பூண்டி தாண்டுகிற வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே போனேன். உப்பளம் தெரிய ஆரம்பித்ததும் தொண்டை வறண்டு நிறுத்தினேன். "முடிஞ்சுதா மேடம்?" என்று கேட்டு, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். அந்த மனுஷரிடம் கோபத்தை நீட்டிக்கவும் முடியாது.

வீட்டில் நாற்காலிகள் வாடகைக்கு எடுத்துப் போட்டிருந்தார்கள். வலையெல்லாம் பின்பக்கம் போயிருந்தது. தட்டில் வாழைப்பழம், மிக்சர், ஜாங்கிரி. அவன் பட்டு வேட்டியில், கழுத்துப் பட்டன் வரைக்கும் போட்ட சட்டையில் வேர்த்துக்கொண்டு நின்றான். அவன் மனைவி என் கையைப் பிடித்து, "அக்கா, நீங்க மட்டும் கோவப்பட்டுடாதீங்க" என்றாள். என்னைப் பற்றி ஊரெல்லாம் நல்ல பெயர்தான். மகள் உள் அறையில். கதவு பாதி சாத்தியிருந்தது.

கடற்படைக்காரர் மனைவியோடு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், நரைத்த மீசை, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை. ஹெல்மெட்டைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினார். வாசலைத் தாண்டவில்லை. வீட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

வாங்க என்று சொல்ல வேண்டியவன் திடீரென்று உள்ளே ஓடினான். என்ன ஆச்சு இவனுக்கு என்று நாங்கள் விழித்தோம். திரும்பி வந்தான். பட்டு வேட்டி, முழுக்கைச் சட்டை, தலையில் வெள்ளை மாலுமித் தொப்பி. வாசல் நடுவில் குதிகால் சேர்த்து நின்று சல்யூட் அடித்தான்.

எனக்குப் புரிந்துவிட்டது. வந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டும். அவர் கடற்படை, ஆகவே சல்யூட். வெறுந்தலையோடு அடிக்கக் கூடாது, ஆகவே தொப்பி. எங்கள் கூட்டத்து ஆளுக்கு மட்டும்தான் இப்படிக் கணக்குப் போடத் தோன்றும். அவன் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மேனேஜர் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

வந்தவர் அசையவில்லை. பதில் சல்யூட் வராமல் கையை இறக்கக் கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும். ஆகவே இறக்கவில்லை. தொப்பி ஓரத்தில் இருந்து வேர்வை மூக்கு வழியாக இறங்கியது.

"எனக்கு எதுக்கய்யா சல்யூட்?" என்றார் அவர். "நான் என்ன ஆபீசரா? இன்ஜின் ரூம்ல கெடந்தவன். எங்களுக்கெல்லாம் எவனும் சல்யூட் அடிக்கமாட்டான்."

அவன் என்னைப் பார்த்தான். இதை நான் அவனுக்குச் சொல்லவில்லை, எனக்கே தெரியாது.

"கைய எறக்கு. எறக்குய்யா, வலிக்கப் போவுது."

இறக்கினான். அவர் உள்ளே வந்து உட்கார்ந்தார். மனைவியும் உட்கார்ந்தார். அந்த அம்மா மிக்சர் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இப்ப கைய சரியாத்தானே வச்சே. படத்துல ஏன் அப்படி? எங்களயும் ஆர்மிக்காரனயும் சேத்துக் கேலி பண்ணுற மாதிரி?"

அவன் தலை குனிந்து நின்றான். மேனேஜரைக் காட்டிக்கொடுக்கமாட்டான் என்று எனக்குத் தெரியும். கோபப்படாதீங்க என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். நான் கோபப்படவில்லை. விரலை மட்டும் நீட்டினேன்.

"இவர் சொல்லித்தான் திருப்பினான். நான் வேணாம்னு கத்தினேன். ஆத்தங்கரையில நின்ன மாட்டுக்காரரக் கேளுங்க."

மேனேஜர் நெளிந்தார். "ஒரே மாதிரி இருந்தா போட்டோ நல்லா இருக்கும்னு..."

"நல்லா இருக்கவா சல்யூட் அடிக்கிறது?"

"தப்புத்தான் சார்."

"சரி, அது போவட்டும்" என்று அவர் மறுபடி அவன் பக்கம் திரும்பினார். "நீ எதுக்கு இதப் போடுற? அதச் சொல்லு."

மேனேஜருக்குத் தப்பைச் சரிக்கட்ட வேண்டும் என்று அவசரம். அவன் வாயைத் திறக்கும் முன்னே முந்திக்கொண்டார். "இவங்க தாத்தா அந்தக் காலத்துப் பெரிய போர்ல கப்பல்ல இருந்தவர் சார். அந்த நினைவா..."

நல்ல பொய். சட்டென்று எடுபடக்கூடிய பொய். அந்த நிமிஷம், அவன் தலையை ஆட்டிவிட்டால் போதும், கல்யாணம் நடந்துவிடும் என்று எனக்குப் பட்டது. உள்ளே கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது.

"இல்லீங்க" என்றான் அவன். "எங்க தாத்தா கப்பலப் பாத்ததே இல்ல. உப்பளத்துல உப்பு வார்ற பலகை இழுத்தவரு."

மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்ப எதுக்கு?"

"புடிச்சிருக்குங்க."

"புடிச்சிருந்தா போட்டுக்குவியா?"

"நான் கடலுக்குப் போறவன். நான் எங்க வெள்ளத் துணி போட முடியும்? எத மாட்டுனாலும் மீன் கவிச்சி. இத துவைச்சு, நீலம் போட்டு, இஸ்திரி போட்டு மாட்டுனா மாசத்துல ஒரு நாள் நான் வெள்ளையா இருக்கேன். அவ்வளவுதாங்க. வேற ஒண்ணும் இல்ல. அதுக்காக எம் பொண்ணு வாழ்க்கை போவக் கூடாது. நீங்க வேணாம்னா இனிமே போடமாட்டேன்."

இத்தனை மாதம் பக்கத்தில் நிறுத்தித் தொப்பி சரியா, காலர் சரியா என்று அவனைப் பார்த்திருக்கிறேன். ஏன் போடுகிறாய் என்று நான் கேட்டதில்லை. கேட்கிற பழக்கம் எங்கள் கூட்டத்தில் இல்லை.

அவர் கையை நீட்டினார். "தொப்பியக் குடு."

கழற்றிக் கொடுத்தான். அவர் அதை விளிம்பைத் தொடாமல் இரண்டு கையாலும் அடியில் பிடித்து வாங்கினார். திருப்பிப் பார்த்தார். உள்ளே வேர்வைப் பட்டி தைத்திருந்ததை விரலால் தடவினார். தொப்பியைச் சுற்றிக் கறுப்பு ரிப்பன் ஒன்று ஓடும். அதில்தான் கப்பலின் பெயர் இருக்க வேண்டும். அவன் ரிப்பனில் எழுத்தே இல்லை. சிக்கனத்துக்கு வெறும் ரிப்பன் வாங்கிவிட்டான் என்று நான் நினைத்திருந்தேன்.

"பேர் எங்க?"

"நான் எந்தக் கப்பல்லயும் இல்லீங்களே" என்றான். "எந்தக் கப்பல் பேர எழுதினாலும் அது இன்னொருத்தர் கப்பல். தஞ்சாவூர்ல கடையில எழுதித் தர்றேன்னாங்க. நாந்தான் வேணாம்னுட்டேன்."

அவர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அந்தக் கறுப்பு ரிப்பனையே பார்த்தார். ஒரு தடவை கட்டை விரலால் அழுத்தித் தேய்த்தார், எழுத்து இருந்து அழிந்ததா என்று பார்க்கிற மாதிரி. பிறகு எழுந்து, அதை அவன் தலையில் தானே வைத்தார். புருவத்துக்கு மேலே மட்டமாக இருக்கிறதா என்று குனிந்து பார்த்துச் சரி செய்தார். எனக்கு அந்த அளவு தெரியும். சரியாகத்தான் வைத்தார்.

"அந்தப் படத்த எடுத்துடச் சொல்லு" என்றார். "கல்யாணத்துல உங்க கூட்டம் யாரும் இதெல்லாம் போட்டுக்கிட்டு வரக் கூடாது. வேட்டி சேலையில வாங்க."

கல்யாணத்தில். எல்லாருக்கும் காதில் விழுந்தது. அவன் மட்டும் படத்தை நீக்கச் சொல்லி மேனேஜரிடம் கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தான். மேனேஜர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். வெளியே, "சிக்னல் இல்ல, சிக்னல் இல்ல" என்று அவர் குரல் தென்னந்தோப்புப் பக்கம் போனது.

அதுவரை பேசாமல் இருந்த அந்த அம்மா தட்டில் மிச்சம் இருந்த மிக்சரைக் கையில் கொட்டிக்கொண்டே சொன்னார்: "பொண்ணக் கூப்புடுங்க. எவ்வளவு நேரந்தான் அது கதவு இடுக்கு வழியா மூச்சு விடும்?"

மகள் வந்தாள். தட்டு ஏந்திக்கொண்டு வரவில்லை. தோளில் பை, கையில் டிபன் டப்பா. கண் சிவந்திருந்தது.

"எனக்கு ரெண்டு மணி டூட்டி. பஸ்ஸ விட்டா அடுத்தது எப்பன்னு தெரியாது. என்ன முடிவுன்னு சொல்லிட்டீங்கன்னா நான் கெளம்பிடுவேன்."

மாமனார் ஆகப்போகிறவர் முதல் தடவையாகச் சிரித்தார். "முடிவெல்லாம் சொல்லியாச்சும்மா. உங்கப்பனுக்குத்தான் இன்னும் வெளங்கல. மாசியில வச்சுக்கலாம். நீ டூட்டிக்குப் போ."

அவள் அப்பாவைப் பார்த்தாள். இத்தனை நாள் பேசாமல் இருந்தவள், "நீ நிக்கிறியே, வா, பஸ் ஏத்திவிடு" என்றாள். அவ்வளவுதான் பேச்சு. அவன் அவள் கையிலிருந்து டிபன் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு செருப்பைக்கூட மாட்டாமல் முன்னே நடந்தான்.

பட்டு வேட்டி, வெள்ளைத் தொப்பி, கையில் டிபன் டப்பா. வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர், "என்ன மச்சான், கப்பல் வந்துருச்சா?" என்று கேட்டார். அவன், "வந்துருச்சு வந்துருச்சு" என்று கை ஆட்டிக்கொண்டே போனான். தலையில் தொப்பி இருப்பது அவனுக்கு நினைவில்லை.

வேட்டிக்கு அந்தத் தொப்பி போடுவது எந்தப் படையிலும் கிடையாது. வேறு எவனாவது செய்திருந்தால் தெருவில் நிறுத்திக் கத்தியிருப்பேன். வாசலில் என் பக்கத்தில் நின்ற கடற்படைக்காரரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.